வரேன் என்றால் போனார்

லிஃப்ட் மாட்டி, பழுதும் பார்க்கும் லிஃப்ட்காரருக்கு ஒரு பழக்கம். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பார். மற்றவர்கள் பொத்தானை அழுத்திவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அவர் மட்டும் மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் சின்ன அறையை நினைத்துக்கொள்வார். மோட்டாரும் சக்கரமும் கிரீஸ் வாடையுமாக, யாரும் எட்டிப் பார்க்காத அறை அது. "லிஃப்ட் தானா மேல போகுதுன்னு நினைக்கிறவன், சோறும் தானாத்தான் வேகுதுன்னு நினைப்பான்" என்று அடிக்கடி சொல்வார்.

"நம்ம வீட்டுச் சோறு எப்படி வேகுதுன்னு ஐயாவுக்குத் தெரியுமாக்கும்?" என்று அவர் மனைவி உள்ளிருந்து கேட்பாள். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராக விரித்துக்கொள்வார்.

அந்த அம்மாளுக்கு வீட்டில் பாம்புக்காது என்று பெயர். தங்கைக்காரி வைத்த பெயர். படிக்கட்டில் ஒரு சாவிக்கொத்து விழுந்தால், கதவைத் திறக்காமலே அது யார் வீட்டுச் சாவி என்று சொல்லிவிடுவாள். கணவர் வேலை முடிந்து லிஃப்டிலிருந்து இறங்கி வரும் காலடியைக் கேட்டே அன்றைக்கு முதலாளியிடம் திட்டு வாங்கினாரா இல்லையா என்று கண்டுபிடித்து, அதற்குத் தகுந்தபடி டீயில் சர்க்கரை போடுவாள்.

அந்தக் காதுக்கு ஒரு வேலை கிடைத்தது. பேச்சைக் கேட்கிற வேலை. பின்னறை ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு பழைய கம்ப்யூட்டர், காதை முழுக்க மூடும் ஹெட்போன். எங்கோ யாரோ பேசியது துண்டு துண்டாக வந்து விழும். ஒவ்வொரு துண்டும் நாலைந்து மூச்சு நேரம்தான் இருக்கும். அதைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். யார் வந்தார், யார் போனார் என்று பொத்தானை அழுத்த வேண்டும். பின்னால் என்ன சத்தம் கேட்டதென்றும் குறிக்க வேண்டும். பின்னணியில் நாய். பின்னணியில் மிக்ஸி. பின்னணியில் அழுகை. இப்படிக் குறித்த துண்டுகளை மலைமலையாகத் தின்றுதான் பேசும் பெட்டிகளுக்கெல்லாம் காது முளைக்கிறது.

"மெஷினுக்கே காது குத்தறியா அக்கா?" என்று தங்கை கிண்டல் செய்தாள்.

"நான் எங்கடி குத்தறேன்? பெட்டி தானா கத்துக்கிச்சுன்னு விளம்பரத்துல சொல்றாங்க பாரு, அவங்கதான் உனக்குக் குத்தறாங்க."

லிஃப்ட்காரருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்காட்டினார். நம்ம வேலை மாதிரியேதான் அவ வேலையும், ஜனங்க கண்ணுல படாத ரூம்ல நடக்கிறது என்று சொல்லும்போது அவர் மார்பு ஓரங்குலம் முன்னால் வரும்.

வேலையின் பழக்கம் வீட்டுக்குள்ளும் புகுந்துகொண்டது. தங்கை போனில் பேசினால், "பின்னணியில் குக்கர், போய் அடுப்பை அணைச்சிட்டு வா" என்பாள். கணவர் பொய்க்குறட்டை விட்டால், "பின்னணியில் நடிப்பு" என்பாள். ஆனால் அந்த வேலைக்கு வேறொரு பக்கமும் இருந்தது. துண்டு முடிந்தால் முடிந்ததுதான். அடுத்து என்ன ஆயிற்றென்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "அந்தப் பெரியவர் கண்ணாடியைத் தேடிக்கிட்டு இருந்தாரே, கிடைச்சிருக்குமா?" என்பாள்.

"எந்தப் பெரியவர்?"

"சாயங்காலம் கேட்டவர்."

ஒருநாள் தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டதற்கு, "ஒரு அம்மா தனியா உக்காந்து அழறாங்க. நான் கேக்கறேன்னு தெரிஞ்சா அப்படி அழுவாங்களா? அவங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக்கேட்ட மாதிரி இருக்குதுங்க" என்றாள். இடது காது வலிக்க ஆரம்பித்திருந்தது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கப் பழகிக்கொண்டாள். அந்தப் பெட்டியை விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்கு இந்த விலை எங்கே தெரியப்போகிறது?

இந்த நிலையில்தான் அந்த வார்த்தை வந்து சேர்ந்தது.

படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீட்டில் வைக்க ஒரு புதுப் பெட்டி தயாராகிக்கொண்டிருந்தது. துணைக்கு வரும் ஆயா எப்போது வருகிறாள், எப்போது கிளம்புகிறாள் என்று பேச்சை வைத்தே அது தெரிந்துகொள்ளும். ஆயா இருக்கும்போது நோயாளி கூப்பிட்டால் பெட்டி சும்மா இருக்கும். ஆயா இல்லாத நேரத்தில் கூப்பிட்டால் உடனே பிள்ளைகளுக்குப் போன் அடிக்கும். நல்ல யோசனைதான். வந்ததும் போனதும் சரியாகத் தெரிந்தால் போதும்.

கேட்கிறவர்களுக்குக் கொடுத்த விதிமுறையில், வந்தேன், வரேன், வந்துட்டேன் எல்லாம் "வந்தார்" என்று இருந்தது. போறேன், கிளம்பறேன் எல்லாம் "போனார்".

அன்று அவள் கேட்ட துண்டில் ஒரு ஆயாவின் குரல், "ஐயா, நான் வரேன்" என்றது. செருப்பு மாட்டும் சத்தம். கதவு சாத்தும் சத்தம். பிறகு கட்டிலிலிருந்து ஒரு பலவீனமான குரல், "அம்மா... இந்தாம்மா..." என்றது. அதோடு துண்டு முடிந்தது.

பாம்புக்காது "போனார்" என்று அழுத்தினாள். திரை சிவந்தது. தவறு.

ஒவ்வொரு துண்டையும் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுப்பார்கள். யார் அந்த மற்ற இருவர் என்று தெரியாது. ஒருவரோடு ஒருவர் பேசவும் கூடாது. இரண்டு பேர் சொல்வதுதான் உண்மை. மூன்றாமவருக்கு மார்க் குறையும். மார்க் மிகவும் இறங்கிவிட்டால் வேலை போய்விடும்.

"நம்ம பேச்சுல எவங்க போறேன்னு சொல்லிட்டுப் போறாங்க?" என்று கணவரிடம் கொதித்தாள். "வரேன்னு சொல்லிட்டுத்தானே போறோம்? அந்த ரெண்டு பேரும் என்ன வானத்துல இருந்து குதிச்சவங்களா?"

"சரி, நீயும் வந்தார்னு போட்டுட்டுப் போயேன். உனக்கென்ன?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "லிஃப்டு கீழ வராமலே கதவு திறக்குதுன்னு வெச்சுக்குங்க. ஓனர் பரவாயில்லைங்கறார். விட்டுட்டு வந்துடுவீங்களா?"

அவர் கை தானாக இடுப்பு ஸ்பேனருக்குப் போயிற்று.

"அந்த மனுஷன் கூப்பிட்டுக்கிட்டே கிடப்பார். ஆயா வீட்டுலதான் இருக்கான்னு பெட்டி நினைச்சுக்கிட்டு சும்மா இருக்கும். அப்படிப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தவ நானா இருக்க மாட்டேன்."

அன்றிலிருந்து எத்தனை "வரேன்" வந்தாலும், செருப்புச் சத்தத்தையும் கதவுச் சத்தத்தையும் கேட்டு, போனவர்களைப் "போனார்" என்றே அழுத்தினாள். வருகிற "வரேன்" வந்தால் மட்டும் "வந்தார்". திரை சிவந்துகொண்டே இருந்தது. மார்க் சரிந்துகொண்டே போயிற்று. "விதிமுறை எழுதினவங்களுக்கு எழுதியாவது போடேன்" என்று தங்கை சொன்னாள். எழுதினாள். தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதியதும் ஒரு மெஷின்தான் என்று பாம்புக்காது சொன்னாள். "மூச்சே இல்லையே அதுல."

லிஃப்ட்காரர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமை ஊறிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு கவலையும். இவள் ஒருத்தி காது மட்டும்தான் சரி, ஊர்க்காதெல்லாம் கோளாறு என்றால் நம்புவது எப்படி? எங்கேயோ ஒயர் மாறியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

மாறியிருந்த ஒயர் ஒரு மத்தியான நேரத்தில் தானாகவே கையில் சிக்கியது.

ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோய், உள்ளே ஒரு பெண் மாட்டிக்கொண்டாள். அவர் போய்க் கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்கம்மா, கயிறெல்லாம் கெட்டி. மேல போய்க் கையால இறக்கப் போறேன். பேசிக்கிட்டே இருங்க, என் உதவியாள் இங்கேயே நிப்பார்" என்றார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எனக்குப் பயமில்லண்ணே. உங்க குரல்ல நடுக்கம் இல்ல, அப்புறம் எனக்கெதுக்கு? பின்னணியில் சங்கிலி, பின்னணியில் குழந்தை. சங்கிலி உங்களுதா?"

மேலே போகத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். இந்த உலகத்தில் இப்படிப் பேசுகிறவள் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

லிஃப்டை இறக்கிக் கதவைத் திறந்ததும், அந்தப் பெண் காய்கறிப் பையோடு வெளியே வந்தாள். அவள் முடியில் ஹெட்போன் பட்டை அழுத்திய தடம், சீப்பு வைத்தாலும் போகாத அதே பள்ளம்.

"ஏம்மா, நீங்க துண்டு கேக்கிற வேலையா?"

அவள் முகம் மாறியது. "யார் சொன்னாங்க? நாங்க வெளிய சொல்லக்கூடாது."

"நீங்க சொல்லல. உங்க பின்னணி சொல்லிச்சு" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆயாம்மா 'வரேன்'னு சொல்றா, கதவைச் சாத்தறா. நீங்க என்ன போடுவீங்க?"

"வந்தார்னுதான்."

"உங்க மனசுக்கு அது வந்ததா தோணுதா?"

"என்னண்ணே, எனக்குத் தெரியாதா? போறதுதான் அது. பச்சைக்குழந்தைக்கும் தெரியும். ஆனா மத்த ரெண்டு பேரும் விதிமுறையைப் பார்த்து வந்தார்னுதானே போடுவாங்க? நான் மட்டும் மாத்திப் போட்டா என் மார்க்குல்ல போகும்? என் பிரெண்டு ஒருத்தி இருக்கா, அவளும் இதையேதான் சொல்றா."

லிஃப்ட்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படிச் சிரிக்கிற ஆளே இல்லை அவர். எல்லாருக்கும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, தெரியாதது போலவே அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசாதபடி வைத்திருந்ததால், அத்தனை நல்ல காதும் சேர்ந்து ஒரு செவிடாகிப் போயிருக்கிறது.

"அந்த மத்த ரெண்டு பேர்ல ஒருத்தி என் வீட்டுக்காரிதாம்மா" என்றார். "அவ போனார்னுதான் போடறா. ஆரம்பத்துல இருந்து. தனியா நின்னு அடி வாங்கிக்கிட்டு இருக்கா."

அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு, "பெரிய மனசுக்காரிதான்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு, "சரி, வரேண்ணே" என்று படியில் காலை வைத்தவள், சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவரும் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் "போனார்!" என்றார்கள்.

விஷயத்தை வீட்டில் சொன்னதும் பாம்புக்காது முகம் மலர்ந்த மலர்ச்சியை அவர் எந்தக் கல்யாணப் போட்டோவிலும் பார்த்ததில்லை. "அப்ப என் காது சரிதான்!" என்றாள். "நான் தனி ஆள் இல்ல. எல்லாரும் என் பக்கம்தான், அவங்களுக்கே தெரியல, அவ்வளவுதான்."

ஆனால் காலம் அவளுக்குக் காத்திருக்கவில்லை. அந்தப் பெண் தன் சிநேகிதிக்குச் சொல்லி, அவள் இன்னொருத்திக்குச் சொல்லி, பேச்சு பரவுவதற்குள் இவள் மார்க் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு காலை கம்ப்யூட்டரைத் திறந்தபோது துண்டுகள் வரவில்லை. உங்கள் கேட்கும் திறன் போதுமானதாக இல்லை என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

பாம்புக்காதைப் பார்த்துக் கேட்கும் திறன் போதாது என்பதா! தங்கை கொதித்துப்போய்த் திட்டித் தீர்த்தாள். பாம்புக்காது ஹெட்போன் ஒயரைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, மேஜைக்குள் வைத்தாள். "காது வலியாவது விடும்" என்றாள். ஜன்னலைத் திறந்துவிட்டு, தெருச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு குறைதான் அவளுக்கு. "அந்தப் பெட்டி கத்துக்கிச்சா இல்லையான்னு கடைசிவரைக்கும் தெரியாமலே போயிடும். இதுவும் ஒரு துண்டு மாதிரிதான்."

அப்படிப் போகவில்லை.

பிற்பாடு நோய் வந்தது. எழுந்து நடமாட முடியாமல் படுக்கையோடு படுக்கையானாள். லிஃப்ட்காரர் வேலைக்குப் போகும் நேரத்துக்கு ஒரு ஆயாவை வைத்தார்கள். தங்கைதான் எங்கெங்கோ விசாரித்து, வாடகைக்குப் பேசும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். உள்ளங்கை அகலம், வெள்ளை நிறம், ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு. பாம்புக்காது அதை மேலும் கீழும் பார்த்தாள். அது எந்தப் பெட்டி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆயா கிளம்பும் முன்பே லிஃப்ட்காரர் வந்துவிட்டார். மனைவி கையைக் காட்டி அவரைச் சமையலறைக்குள் போகச் சொன்னாள். "மூச்சு விடாம நில்லுங்க. நீங்க இருக்கிறது அதுக்குத் தெரியக்கூடாது" என்று கிசுகிசுத்தாள்.

"எவ்வளவு நேரம்மா?"

"உஷ்!"

வாசல்நிலையில் தலை இடிக்கும் அந்த நெடிய மனிதர், பாத்திர அலமாரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே வளைந்து நின்றார். இடுப்பிலிருந்த ஸ்பேனர் சத்தம் போட்டுவிடக் கூடாதென்று கையால் பிடித்துக்கொண்டார். அவர் எத்தனையோ லிஃப்டை முதல்முதலாக ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒன்றுக்கும் இப்படி ஒளிந்து நின்றதில்லை. பெட்டி வாய் திறக்காவிட்டால் இவள் பட்டதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

ஆயா கைப்பையை மாட்டினாள். "மாத்திரை எல்லாம் குடுத்துட்டேம்மா. அப்ப நான் வரேன்" என்றாள். செருப்புச் சத்தம். கதவுச் சத்தம்.

பச்சை விளக்கு சும்மா இருந்தது.

பாம்புக்காது கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு பெட்டி பேசியது. "துணைக்கு இருந்தவர் போய்விட்டார். நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். உதவி தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்."

சமையலறைக்குள் ஏதோ தட்டு உருண்டது. பாம்புக்காது கண்ணைத் திறக்காமலே, "பின்னணியில் என் வீட்டுக்காரர்" என்றாள். குரல் உடைந்திருந்தது, சிரிப்பா அழுகையா என்று எந்த மெஷினாலும் சொல்லியிருக்க முடியாது. அவர் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், "கேட்டீங்களா? போய்விட்டார்னு சொல்லுது. வந்தார்னு சொல்லல. அந்த லிஃப்டுப் பொண்ணு, அவ பிரெண்டு, இன்னும் யார் யாரோ... எல்லாரும் கூடிட்டாங்க" என்றாள். அப்புறம் பெட்டியின் பக்கம் திரும்பி, வாத்தியாரம்மா தோரணையில், "கேட்கும் திறன் போதுமானது. பாஸ்" என்றாள்.

அதன்பின் அவளிருந்த நாளெல்லாம் அந்த வீட்டில் ஒரு விளையாட்டு நடந்தது. பால்காரர், கூரியர்காரர், தங்கை, யார் வந்தாலும் கிளம்பும்போது உரக்க "வரேன்" சொல்ல வைப்பாள். பெட்டி சரியாகச் சொன்னதும் பெற்றவளைப் போலப் பூரிப்பாள். "எங்க வீட்டுப் பிள்ளை அது, தத்துக் கொடுத்துட்டோம், அவ்வளவுதான்" என்பாள்.

அவள் போன பிறகு, வாடகைக் கம்பெனியிலிருந்து பெட்டியை எடுத்துப்போக ஒருவர் வந்தார். ஒயரைக் கழற்றி, பெட்டியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, "அப்ப வரேங்கய்யா" என்றார்.

உள்ளே பேட்டரியில் உயிர் இருந்திருக்கிறது. பைக்குள்ளிருந்து குரல் வந்தது. "துணைக்கு இருந்தவர் போய்விட்டார். நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். உதவி தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்."

வந்தவருக்கு முகம் விழுந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்கய்யா. ஆஃப் பண்ண மறந்துட்டேன்."

லிஃப்ட்காரர் அந்தப் பையைப் பார்த்தார். பிறகு, "அது ஒண்ணும் தப்பாச் சொல்லலையே" என்றார்.

சங்கடத்தை மாற்ற வேண்டி வந்தவர் சொன்னார். "ரொம்ப புத்திசாலிங்கய்யா இது. வரேன்னு சொன்னா போறாங்கன்னு தானாவே கத்துக்கிச்சு. யாரும் சொல்லிக்கொடுக்கல."

"தம்பி, கொஞ்சம் உக்காருங்க" என்றார் லிஃப்ட்காரர்.

பின்னறைக்குக் கூட்டிப்போய், ஜன்னலோர மேஜையைக் காட்டினார். மேஜைக்குள்ளிருந்து ஹெட்போனை எடுத்தார். ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது. மூன்று பேர் கேட்பதையும், இரண்டு பேர் சொன்னால் உண்மையாவதையும், ஒருத்தி மட்டும் தனியாக நின்றதையும் சொன்னார். லிஃப்டில் மாட்டிய பெண்ணைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. வந்தவர் பையைத் திறந்து பெட்டியை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை துணி சுற்றி, பத்திரமாக உள்ளே வைத்தார்.

"எத்தனை வீட்டுல இருக்கும் இந்தப் பெட்டி?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"எக்கச்சக்கமான வீட்டுலங்கய்யா."

"ம்." அவர் தோள் நிமிர்ந்தது. "அத்தனை வீட்டுலயும் அவ காதுதான் கேக்குது."

வாசலுக்கு வெளியே வந்தார்கள். லிஃப்ட் வந்து நின்றது. வந்தவர் உள்ளே போய்த் திரும்பி, என்ன சொல்லிக் கிளம்புவது என்று தெரியாமல் வாயைத் திறந்து மூடினார்.

"சொல்லுங்க தம்பி, பரவாயில்ல."

"வரேங்கய்யா."

கதவு சாத்திக்கொண்டது. கயிறு ஓடும் சத்தம் கீழே கீழே போய், தரைத்தளத்தில் மெல்ல நின்றது. எங்கேயும் உரசல் இல்லை. அவர் காதைக் கதவுப்பக்கம் வைத்துக் கடைசிவரை கேட்டார்.

"பின்னணியில் லிஃப்ட்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.